சமையலறைக் கண்ணாடி

கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதுதான் எப்சிபாவுக்குச் சொல்லப்பட்ட முதல் விதி. அவர்களிடம் தேர்தலைப் பற்றிப் பேசக் கூடாது என்பது இரண்டாவது. கண்ணில் மாட்டும் கருவியைத் துடைத்துக் கொடுக்கலாம். நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்யலாம். ஓட்டுப்பெட்டி எந்தப் பக்கம் என்று கை காட்டலாம். மற்றபடி சுவர் மாதிரி நிற்க வேண்டும்.

ஒஹையோ மாநிலத்தில், ஆற்றோரமாகக் கிடக்கும் ஆஷ்பி ஒரு சின்ன மாவட்டம். ஒரு காலத்தில் கண்ணாடித் தொழிற்சாலையால் பிழைத்த ஊர். தொழிற்சாலை மூடிப் பல வருடமாகிவிட்டது. அது தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த நெருக்கமான வீட்டு வரிசைகளும், அரசு ஆஸ்பத்திரியும், மேட்டுப் பகுதியில் பெரிய மனிதர்களின் வீடுகளும்தான் மிச்சம். அன்றைய ஓட்டு அந்த ஆஸ்பத்திரியைப் பற்றியது. அதை நடத்துவதற்கென்று வசூலிக்கும் வரி தொடர வேண்டுமா, வேண்டாமா?

ஊர் நூலகத்தின் கூடத்தில் ஓட்டுப்பதிவு நடந்தது. பத்து மணிவாக்கில் லொரெட்டா வந்தாள். மலிவு விலைக் கடையில் காசாளராக இருக்கிறவள், ஐம்பதைத் தாண்டியவள். எப்சிபாவின் தெருவிலேயே நாலைந்து வீடு தள்ளி இருந்தாள். முதன்முதலில் பெயரைக் கேட்டபோது, "எப்சிபாவா? எங்க சர்ச் கல்லறையில ரெண்டு எப்சிபா இருக்காங்க. உயிரோட ஒருத்தியை இப்பதான் பாக்கறேன்" என்று சொன்னவள். வரியை ஒழித்தே தீர வேண்டும் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"விளக்கத்தை வாசிக்கணும்ல? வாசி" என்றாள் லொரெட்டா, நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

எப்சிபா அட்டையைப் பார்த்து வாசித்தாள். "இதில் தெரிவது நாலு வருடம் கழித்து உங்கள் வீட்டுச் சமையலறை. முதலில், வரி தொடர்ந்தால் எப்படி இருக்கும் என்று காட்டும். அடுத்து, வரி நின்றால் எப்படி இருக்கும் என்று காட்டும்."

"ஏன் சமையலறை மட்டும்? படுக்கையறையைக் காட்டினா என்ன?"

எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. அட்டையில் இதற்குப் பதில் இருந்ததால் சொல்லலாம். "ஒரு குடும்பத்தின் பொருளாதார நிலை சமையலறையில்தான் தெளிவாகத் தெரியும் என்று வல்லுநர்கள் முடிவு செய்தார்கள். மனிதர்கள் யாரும் தெரியமாட்டார்கள். சட்டப்படி உங்கள் வீட்டை மட்டும்தான் காட்டலாம்."

"இது சொல்றது பலிக்குமா?"

"பெரும்பாலும் பலித்திருக்கிறது."

லொரெட்டா கருவியை மாட்டிக்கொண்டாள்.

இந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். ஏழைகள் தங்களுக்கே எதிராக ஓட்டுப் போடுகிறார்கள், பேச்சில் மயங்குகிறார்கள், எது தங்கள் வயிற்றுக்கு நல்லது என்று தெரியவில்லை என்று படித்தவர்கள் நெடுநாளாக அலுத்துக்கொண்டார்கள். சரி, தெரிந்துகொள்ளட்டும் என்று சட்டம் போட்டார்கள். சம்பளம், வரி, காப்பீடு, கடையில் வாங்குவது, வீட்டின் வரைபடம் எல்லாவற்றையும் அள்ளிப்போட்டுக் கணக்கிட்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் அடுப்பங்கரையைக் காட்டியது எந்திரம். பார்க்காமலும் ஓட்டுப் போடலாம். ஆனால் வருங்காலத்தைப் பார்க்க வேண்டாமென்று போகிறவர்கள் அபூர்வம்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. நாலு வருடம் என்பது பெரும்பாலானவர்களுக்கு நோய் வரக்கூடிய காலம் அல்ல. ஆஸ்பத்திரி இல்லாத சமையலறையே பலருக்கு வெளிச்சமாகத் தெரிந்தது. வசதியானவர்களுக்குப் பளிங்கு மேடை, மற்றவர்களுக்கு ஒழுகாத கூரை. வரி நின்றால் கம்பெனிகள் கிடங்கு கட்ட வரும், வேலை வரும் என்ற கணக்கும் அதில் சேர்ந்திருந்தது. யாருடைய சமையலறை காலியாகத் தெரிந்ததோ அவர்கள் கொஞ்சம் பேர். கொஞ்சம் பேரால் தேர்தலில் ஜெயிக்க முடியாது. மாவட்டம் மாவட்டமாக ஆஸ்பத்திரிகள் மூடின. எல்லாம் முறைப்படி, எல்லாருக்கும் உண்மை தெரிந்து.

எப்சிபாவின் கணவன் தேவசகாயம் அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவன். பாளையங்கோட்டையிலிருந்து எந்திரப் பராமரிப்பு வேலைக்கு வந்தவனுக்கு, வந்த மூன்றாவது வருடம் சிறுநீரகம் கெட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். நடந்து போகிற தூரத்தில் ஆஸ்பத்திரி. அதை மூடினால் அடுத்தது தொலைவில், மாநிலத் தலைநகர் கொலம்பஸில்தான். அங்கே வாடகை கொடுக்க இவர்களால் ஆகாது. இருவருக்கும் கிரீன் கார்டு இருந்தது; அதனால் கண்ணாடியை நடத்தும் நிறுவனத்தில் எப்சிபாவுக்கு வேலை கிடைத்தது, ஆனால் ஓட்டு இல்லை. தங்கள் வருங்காலத்தைப் பார்க்கும் உரிமைகூட இல்லை, கண்ணாடி ஓட்டு உள்ளவர்களுக்குத்தான்.

லொரெட்டா கருவியைக் கழற்றினாள். வழக்கமாக எதையாவது சொல்லிவிட்டுப் போகிறவள், எழுந்து நின்றபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எப்சிபாவை ஏறிட்டுப் பார்க்காமல் ஓட்டுப்பெட்டிப் பக்கம் போனாள்.

அன்று முழுக்க அப்படித்தான். மேட்டுப் பகுதிக்காரர்கள் மலர்ச்சியோடு எழுந்து போனார்கள். வீட்டு வரிசைக்காரர்கள் பலர் கருவியைக் கழற்றிய பிறகும் உட்கார்ந்தே இருந்தார்கள். அவளுடைய கண்ணை யாரும் சந்திக்கவில்லை. எல்லாருக்கும் தேவசகாயத்தைத் தெரியும். நம்மைக் கைவிடப் போகிறவர்கள் நம் முகத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்று எப்சிபா நினைத்துக்கொண்டாள். அவர்கள்மேல் கோபம் வரவில்லை. லொரெட்டா வீட்டுக் கூரை ஒழுகுவது அவளுக்கும் தெரியும்.

முடிவு மறுநாள் காலை வந்தது. தேவசகாயம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். எப்சிபா போனைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை பார்த்தாள்.

"ஏங்க, தொடருதாம்."

"என்னது?"

"ஆஸ்பத்திரி. மூடல. வரி தொடரணும்னு போட்டுருக்காங்க."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "சரியா பாத்தியாளா?"

"நீங்களே பாருங்க."

அவன் பார்க்கவில்லை. வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு, தோள்பட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஊருக்கே திரும்ப வேண்டியிருக்கும் என்று அறையின் மூலையில் கட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டிகளை எப்சிபா அன்றே பிரித்தாள்.

சந்தோஷம் ஒரு வாரம்தான் நிலைத்தது. அடுத்த வாரம் கண்ணாடி நிறுவனத்திலிருந்து டெரன்ஸ் ஓக்லி என்பவர் வந்தார். ஒல்லியான, களைத்த முகம் கொண்ட மனிதர். நூலகத்தின் வாசிப்பறையில் மேசையைப் போட்டுக்கொண்டு முதலில் எப்சிபாவைத்தான் கூப்பிட்டார்.

"உக்காருங்க. யாரு எப்படி ஓட்டுப் போட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனா எத்தனை சமையலறை எந்தப் பக்கம் நல்லா இருந்துச்சுன்னு மொத்தமா தெரியும். எல்லா மாவட்டத்துலயும் அந்தக் கணக்கும் முடிவும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும். இங்க மட்டும் தலைகீழா வந்திருக்கு."

"எந்திரத்துல கோளாறா?"

"அதைத்தான் பாக்க வந்தேன். கோளாறுன்னா மறுபடியும் ஓட்டெடுப்பு." அவர் சற்றுத் தயங்கினார். "கோளாறு இல்லைன்னா, யாராவது வாக்காளர்கிட்ட பேசியிருக்கணும்."

"நான் யார்கிட்டயும் எதுவும் பேசல சார்."

"உங்க கணவர் அந்த ஆஸ்பத்திரியிலதான் டயாலிசிஸ் பண்ணிக்கறார், இல்லையா?"

"ஆமா. வேலைக்குச் சேரும்போதே சொல்லியிருக்கேன்."

"அது சரி. ஆனா பாக்கறவங்களுக்கு எப்படித் தோணும்? நான் குற்றம் சாட்டல. எழுத வேண்டிய கட்டாயம் எனக்கு இருக்கு."

எழுதினால் என்னவாகும் என்று இருவருக்கும் தெரியும். ஓட்டு இல்லாத ஒரு வெளிநாட்டுக்காரி தேர்தலில் தலையிட்டாள் என்றால் வேலை மட்டுமல்ல, இந்த நாட்டில் இருப்பதே கேள்வியாகிவிடும். எப்சிபா எழுந்து நின்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல், "தண்ணி குடிக்கிறீங்களா சார்?" என்று கேட்டாள். ஓக்லி வெட்கத்தோடு வேண்டாமென்றார்.

விசாரணையைப் பற்றிய பேச்சு ஊருக்குள் எப்படிப் போனதென்று தெரியவில்லை. மதியம் லொரெட்டா கடைச் சீருடையோடு வாசிப்பறைக்குள் நுழைந்தாள். பின்னால் இன்னும் சிலர், எல்லாரும் வீட்டு வரிசைக்காரர்கள்.

"நீங்கதான் அந்த ஆளா?" என்றாள் ஓக்லியிடம். "இந்தப் பொண்ணு எங்ககிட்ட வாயே தெறக்கல. அட்டையில இருந்ததை வாசிச்சா. அதுவும் ரொம்ப மோசமா வாசிச்சா."

"அப்படின்னா எதனால..." ஓக்லி நிறுத்தினார். "நீங்க எப்படி ஓட்டுப் போட்டீங்கன்னு நான் கேக்கக் கூடாது."

"நீங்க கேக்க வேண்டாம், நானே சொல்றேன். வரி வேண்டாம்னுதான் வந்தேன். கண்ணாடியும் அதையேதான் சொல்லுச்சு. வரி நின்னா எனக்குப் புது அடுப்பு. கூரை கட்டியாச்சு. அலமாரியில நல்ல காபி. வேலையும் நல்ல வேலையா இருக்கும்போல. தொடர்ந்தா, இப்ப இருக்கற அதே ஓட்டை வீடு."

"பிறகு?"

"ஜன்னலைப் பாத்தேன்."

"எந்த ஜன்னல்?"

"என் சமையலறை ஜன்னல்தான். அது வழியா எதிர் வீட்டுச் சமையலறை தெரியும். எங்க வீடெல்லாம் அப்படி, கையை நீட்டினா உப்பு வாங்கிக்கலாம். வரி தொடர்ந்தா அங்க விளக்கு எரியுது. நின்னா இருட்டு. கதவுல பலகை அடிச்சிருக்கு."

பின்னால் நின்றவர்களில் ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். "வரி நின்னா எனக்கு ரெண்டு பக்கத்து வீடும் இருட்டா இருந்துச்சு." இன்னொரு ஆள் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே தலையாட்டினார்.

ஓக்லி லொரெட்டாவின் அனுமதியைக் கேட்டு அவளுடைய சமையலறையை எந்திரத்தில் மறுபடி வரவழைத்தார். "பாருங்க, பாத்திரம் கழுவாம கிடந்தா கண்டுக்காதீங்க" என்றாள் அவள். ஓக்லி கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒருமுறை பார்த்தார். தலையை இடப்பக்கம் திருப்பி, ஜன்னல் இருக்கும் திசையில் நிறுத்தினார். அப்படியே இருந்தார்.

கழற்றியபோது அவர் குரல் தணிந்திருந்தது. "ஜன்னலுக்கு வெளியே எதையாவது வரைஞ்சுதானே ஆகணும். வெறும் படத்தை ஒட்டியிருக்கலாம். யாரும் அதைப் பத்தி யோசிக்கல. எந்திரம் கையில இருந்த கணக்கை எடுத்து உள்ளபடி வரைஞ்சிருக்கு. பக்கத்து வீட்டுக் கணக்கும் அதுகிட்ட இருக்கே."

"மத்த ஊர்ல ஏன் யாரும் பாக்கல?" என்று எப்சிபா கேட்டாள். அவள் பேசக் கூடாது என்பது எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது.

"மத்த ஊர்ல வீடுங்க தள்ளித் தள்ளி இருக்கு. புல்வெளி, மரம், வேலி. என் வீட்டு ஜன்னல்ல ஒரு ஓக் மரம்தான் தெரியும்." அவர் கருவியை மேசையில் வைத்தார். "எங்க ஊர்லயும் ஓட்டெடுப்பு நடந்துச்சு. நானும் பாத்தேன். மரம் ரெண்டு தடவையும் அழகா இருந்துச்சு."

அவர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சிக்கல் என்னன்னா, வாக்காளரோட சொந்த வீட்டைத் தவிர வேற எதையும் காட்டக் கூடாதுங்கறது சட்டம். அடுத்தவங்க வீடு தெரிஞ்சா அது மீறல். நான் அப்படி எழுதினா, ஜன்னலை மறைச்சுட்டு மறுபடியும் ஓட்டெடுப்பு நடத்துவாங்க."

எப்சிபா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலை மறைத்தால் என்ன முடிவு வரும் என்பதை அவளுக்கு யாரும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

லொரெட்டா மேசையின் மேல் இரண்டு கையையும் ஊன்றினாள். "ஓக்லி சார், அந்த ஜன்னல் யாரோடது?"

"உங்களோடது."

"அதுக்கும் சேத்துத்தான் நான் வீட்டு வரி கட்டறேன். சனிக்கிழமையானா நான்தான் துடைக்கறேன். போன குளிர்காலத்துல கண்ணாடி விரிசல் விட்டப்ப மாத்தினதும் நான்தான். அப்ப அது என் வீடா, இல்லையா?"

"ஜன்னல் உங்க வீடு. அதுல தெரியறது..."

"என் ஜன்னல்ல தெரியறது என் வீட்டுலதானே தெரியுது? என் வீட்டுல நின்னு தெருவுக்குப் போகாம பாத்தேன். நான் எங்கயும் எட்டிப் பாக்கல. இருட்டா ஒரு ஜன்னல் எதிர்ல இருந்தா, என் சமையலறை எப்படி இருக்கும்னு நீங்க நினைக்கறீங்க? புது அடுப்பு இருந்தா போதுமா?"

ஓக்லி சட்டப் பிரிவைத் திரையில் வரவழைத்து வாசித்தார். திரும்பவும் வாசித்தார். எழுந்து போய் வாசிப்பறை ஜன்னலருகே நின்றார். ஆற்றில் ஒரு சரக்குப் படகு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

"வாக்காளரின் வீடும் அதன் சுவர், கூரை, கதவு, ஜன்னல்களும்னுதான் இருக்கு," என்றார் கடைசியில். "ஜன்னல்ல என்ன தெரியணும்னு எழுதின ஆளுங்க சொல்லல. அவங்க வீட்டுல மரம் தெரிஞ்சிருக்கும்." திரும்பி வந்து உட்கார்ந்தார். "எந்திரத்தில் கோளாறு இல்லை. ஊழியர் மீது தவறில்லை. இவ்வளவுதான் எழுதப் போறேன். ரெண்டும் உண்மை."

எப்சிபாவுக்கு நன்றி என்ற சொல் வாய்வரை வந்து நின்றது. அவர் அதைக் கையசைத்துத் தடுத்தார். "அடுத்த தேர்தலுக்குள்ள யாராவது கண்டுபிடிச்சு ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டுடுவாங்கம்மா. அதை என்னால தடுக்க முடியாது."

"போடட்டுமே" என்றாள் லொரெட்டா. "எங்களுக்கு இனிமே எந்திரம் எதுக்கு? வீட்டுல நின்னு எதிர்ல பாத்துட்டு வந்து ஓட்டுப் போடுவோம்."

எல்லாரும் கலைந்து வெளியே வந்தபோது படியில் வைத்து எப்சிபா லொரெட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்துவிட்டது. "எங்களுக்காக உங்க கூரையை விட்டுட்டீங்களே. இதை நான் எப்படி..."

லொரெட்டா கையை விடுவித்துக்கொண்டு சிகரெட்டைத் தேடினாள். "உங்களுக்காகவா? உன் வீடு என் ஜன்னல்ல எங்க தெரியுது? நீ அந்தப் பக்க வரிசை. என் எதிர்ல இருக்கறவன் கேரி ஸ்டக்கி."

"கேரியா? அவர்கூட நீங்க பேசறதே இல்லையே."

"பேசவும் மாட்டேன். கண்ணாடித் தொழிற்சாலையில ஸ்ட்ரைக் நடந்தப்ப நாங்க வெளிய பட்டினி கிடந்தோம், அவன் கேட்டைத் தாண்டி உள்ள வேலைக்குப் போனான். அதை நான் மறக்கல, அவனும் மறந்திருக்க மாட்டான்." புகையை ஊதினாள். "இருதயம் கெட்டுப்போன ஆளு. ஆஸ்பத்திரி இல்லைன்னா போயிடுவான். அந்த ஜன்னலை நான் இத்தனை வருஷமா முறைச்சுட்டு இருக்கேன் எப்சி. இருட்டா பாத்தப்ப எனக்குத் தாங்கல. ஏன்னு கேக்காத, எனக்கே தெரியாது. அவன்கிட்ட சொல்லிடாத."

வீட்டுக்கு வந்து எப்சிபா எல்லாவற்றையும் சொன்னாள். தேவசகாயம் கேட்டுவிட்டு, எழுந்து போய்த் தங்கள் சமையலறை ஜன்னலருகே நின்றான்.

"அப்பம் நம்ம விளக்கு எரியலன்னு பாத்தது யாருளா?"

பின்பக்கச் சந்துக்கு அப்பால் ஒரே ஒரு ஜன்னல்தான் அவர்களுக்கு நேர் எதிரே இருந்தது. அந்த வீட்டுக்காரர்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கோழி பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்கிற கணவன் மனைவி என்று மட்டும் தெரியும். ஒரு குழந்தை அடிக்கடி இருமும். அவர்கள் வேலைக்குப் போகும் நேரம் இவர்கள் தூங்கும் நேரம்.

"அந்தப் பிள்ளை இருமுத சத்தம் கேக்கும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்திருக்கேன்" என்றான் தேவசகாயம். "அவுக நமக்குன்னு போய்ப் போட்டிருக்காவ பாரேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் எப்சிபா பாசிப்பயறை வறுத்துத் திரித்து, வெல்லப்பாகு காய்ச்சி முந்திரிக்கொத்து போட்டாள். கிறிஸ்துமஸுக்குத்தான் போடுவாள். பாகு முறுகாமல் வந்தது. சூடு ஆறியதும் ஒரு டப்பாவில் அடுக்கி மூடினாள். தேவசகாயம் களைப்பாக இருந்ததால் அவள் மட்டும் பின்கதவு வழியாக இறங்கினாள். என்ன சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சந்தின் நடுவில் இருக்கும்போதே எதிர்வீட்டுப் பின்கதவு திறந்தது. சிவப்பு ஸ்வெட்டர் போட்ட இளம்பெண் ஒருத்தி, துணி போட்டு மூடிய பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்தி வெளியே வந்தாள். ஆவி பறந்தது. இடுப்புயரக் குழந்தை ஒன்று அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்தது. எப்சிபாவைக் கண்டதும் அவள் நின்றாள்.

"நான் உங்க வீட்டுக்குத்தான் வந்துட்டிருந்தேன்," என்றாள் அந்தப் பெண், தடுமாறிய ஆங்கிலத்தில். "என் பேரு மரிசோல். இது தமாலே, சோள மாவுல செஞ்சது. உங்களுக்கு நன்றி சொல்லணும்."

"எனக்கா? எதுக்கு?"

"கடையில லொரெட்டா சொன்னாங்க, ஜன்னல் விஷயத்தை. எங்க ஜன்னலுக்கு நேர் எதிர்ல நீங்கதான். என் பையனுக்கு மூச்சுத் திணறல், மாசத்துக்கு ரெண்டு தடவையாவது அந்த ஆஸ்பத்திரிக்கு ஓடறோம். உங்க புது வீட்டை, புது அடுப்பை எல்லாம் விட்டுட்டு நீங்க எங்களுக்கு ஓட்டுப் போட்டிருக்கீங்க."

எப்சிபா டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எனக்கு ஓட்டே இல்லையேம்மா. நாங்க இன்னும் இந்த நாட்டுக் குடிமக்கள் ஆகல."

மரிசோல் அவளையும் அவள் கையிலிருந்த டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அது?"

"உங்களுக்குக் கொண்டு வந்தேன். நீங்க எங்களுக்கு ஓட்டுப் போட்டதுக்கு."

"எங்களுக்கும் ஓட்டு இல்லை," என்றாள் மரிசோல். "நாங்க குவாத்தமாலா."

முதலில் யார் சிரித்தது என்று சொல்ல முடியாது. சந்தின் நடுவில் நின்று இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இந்த இரண்டு வீட்டையும் காப்பாற்றியவர்கள் இவர்களைப் பார்க்கக்கூட இல்லை. யாரோ தங்கள் எதிரே இருந்த யாரையோ பார்த்திருக்கிறார்கள். கேரி ஸ்டக்கியைப் போல ஒருவனை, அல்லது பெயர்கூடத் தெரியாத ஒருத்தியை. அந்த ஓட்டுகளின் வெளிச்சம் இந்தச் சந்துவரை வந்திருக்கிறது. யாரிடம் போய் நன்றி சொல்வது?

குழந்தை டப்பாவுக்குக் கையை நீட்டியது. எப்சிபா மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

உள்ளேயிருந்து தேவசகாயத்தின் குரல் வந்தது. "யாருளா அங்க, சிரிப்புச் சத்தம் கேக்கு?"

"நமக்கு ஓட்டுப் போடாதவுக," என்று எப்சிபா திரும்பிச் சத்தமாகச் சொன்னாள். "சாப்பிடக் கூப்பிட்டுட்டு வருதேன். சட்டையைப் போட்டுக்கிட்டு நாற்காலியை எடுத்துப் போடுங்க."